அப்பாவோட ரெண்டு மூட்டை விதைக்கடலையும் என் நீல டிரம்மும்

இதை எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாளா யோசனை. ஏன்னா இது என் புத்திசாலித்தனத்தைப் பத்தின கதை. நூத்துக்கு முப்பத்திநாலு மார்க் வாங்கின புத்திசாலித்தனம். பாஸ் மார்க்குக்கு ஒண்ணு கம்மி. என்ன கணக்குன்னு கடைசிக்குள்ள உங்களுக்கே புரிஞ்சுடும் :-)

எங்க ஊர் திருக்கழுக்குன்றத்துலேருந்து மாமல்லபுரம் போற ரோட்டை விட்டு உள்ள தள்ளி இருக்கு. ஏரித்தண்ணிக்கு நெல்லு. கிணத்துப் பக்கம் மேடா, செம்மண் கலந்த ஒரு ஏக்கர்ல மார்கழிப் பட்டத்துக்கு வேர்க்கடலை. எங்க ஊர் பழைய ஆளுங்க அதை மணிலான்னுதான் சொல்வாங்க. "மணிலாவுக்குக் களை வெட்டப் போறேன்"னு பாட்டி கிளம்பும்போது, ஏதோ வெளிநாட்டுக்குப் போகுது போலன்னு சின்ன வயசுல நான் நினைச்சிருக்கேன். பிற்பாடு பூகோளப் பாடத்துல பிலிப்பைன்ஸ் தலைநகரம் மணிலான்னு படிச்சப்ப, பாட்டியை அங்க களைக்கொட்டோட கற்பனை பண்ணிச் சிரிச்சதும் உண்டு.

அப்பா போடறது டி.எம்.வி 7. டி.எம்.விங்கறது திண்டிவனம். அங்க இருக்கிற எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கெல்லாம் இந்த இனிஷியல்தான். 1940ல குடியாத்தம் பக்கத்து நாட்டுக் கடலைலேருந்து பொறுக்கி எடுத்த டி.எம்.வி 2 இந்தியா முழுக்கப் பேர் வாங்கிச்சு. 1967ல வந்த டி.எம்.வி 7, டென்னசி ஒயிட்னு ஒரு ரகத்துலேருந்து தேர்ந்தெடுத்தது. கடலையோட பூர்வீகம் தென் அமெரிக்கா, கூப்பிடற பேரு மணிலா, இந்த ரகத்தோட மூதாதை டென்னசி, இனிஷியல் திண்டிவனம். நம்மாளுங்க எத்தனை ஊர் சுத்தினாலும் இந்தக் கொட்டைகிட்ட தோத்துடுவாங்க.

நான் பத்தாவது படிக்கும்போது அப்பா அந்த விதையை வாங்கிட்டு வந்தார். அதுக்கப்புறம் வாங்கவே இல்ல. கடலை தன் மகரந்தத்துலேயே காய்க்கிற பயிர், அதனால நல்ல செடியாப் பார்த்து விதைக்கு எடுத்து வெச்சா, ரகம் பெரிசா மாறாது. வருஷா வருஷம் அறுவடையில ரெண்டு மூட்டை காய் தனியாப் போயிடும். அதைத் தொட யாருக்கும் அனுமதி கிடையாது. பேரப்பசங்களுக்குக் கூட.

பங்குனி கடைசி, சித்திரை வாக்குல கடலை பிடுங்குவாங்க. அந்த ரெண்டு மூட்டைக்கு மட்டும் அப்பா பண்ற சடங்குகளைப் பார்த்து நாங்க கிண்டலடிப்போம். காலையில களத்துல பரப்புவார். பன்னண்டு மணிக்கு உச்சி வெயில் ஏறினதும் குவிச்சு மூடிடுவார். மூணு மணிக்கு மேல மறுபடியும் பரப்புவார். "வெயில்தான் சும்மா கொளுத்துதே, ஒரே நாள்ல காய வெச்சா என்ன?"ன்னா பதில் வராது. கையில நாலு காயை எடுத்துக் காதுகிட்ட குலுக்குவார். கலகலன்னு சத்தம் வரணும். உடைச்சு, பருப்பைத் தேய்ச்சா தோல் உரியணும். அப்புறம் கோணியில போட்டு, நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு, சுவத்துல படாம பலகை மேல அடுக்குவார். மழைக்காலம் முழுக்கக் காய் அப்படியேதான் இருக்கும். விதைக்கிறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தைங்களும் வட்டமா உக்காந்து கையால உடைப்பாங்க. உடைச்ச கையோட விதைப்பு.

சித்திரையிலேருந்து மார்கழி வரைக்கும் எட்டு, ஒன்பது மாசம். நடுவுல ஐப்பசி, கார்த்திகை அடைமழை. அதை அந்த ரெண்டு மூட்டை ஒவ்வொரு வருஷமும் தாண்டியிருக்கு.

2022 புரட்டாசியில அப்பாவுக்குக் கண்ணுல புரை ஆபரேஷன். குனியக் கூடாது, தூசி ஆகாது, தூக்கக் கூடாது. நான் அப்ப மாமல்லபுரம் பக்கம், கடலுக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்துல வீடு கட்டிக் குடிவந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊர் வீட்டுல ஓடு ரெண்டு இடத்துல ஒழுகும், எலி வேற. என் வீட்டுல மாடி ரூம் காலி. "இந்த வருஷம் விதையை நான் பாத்துக்கறேன்பா"ன்னு சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "சரி, எடுத்துட்டுப் போ"ன்னார். நாப்பத்தி ரெண்டு வயசுல முதல் தடவையா எனக்கு ஒரு விவசாய வேலை கிடைச்சுது. பெருமையா இருந்துச்சு, பொய் சொல்லல.

பெருமை வந்தா நமக்குத் தன்னால மூளையும் வேலை செய்ய ஆரம்பிச்சுடுமே. ரெண்டு மூட்டை காய், எழுபத்தஞ்சு கிலோ. உடைச்சா ஐம்பது கிலோ பருப்பு, சரியா ஒரு ஏக்கருக்கு. எப்படியும் உடைக்கத்தானே போறோம், இப்பவே உடைச்சுட்டா இடம் மிச்சம், அம்மாவுக்கு வேலை மிச்சம். ஒரு மெஷின்ல கொண்டு போய்க் குடுத்தேன். "பருப்பு உடையாம இருக்க லேசா தண்ணி தெளிச்சுப் போடறோம் சார்"னாங்க. நல்லதாப் போச்சுன்னேன். அவங்க மேல தப்பே இல்ல. செக்குக்கோ கடைக்கோ போற கடலைக்கு அதுதான் வழக்கம். விதைக்குன்னு நான் வாயைத் திறக்கவே இல்லையே.

வீட்டுக்கு வந்ததும் அழகான நீல பிளாஸ்டிக் டிரம், இறுக்கமான மூடி, காத்தே போகாது. எலி, பூச்சி, மழை எல்லாத்துக்கும் டாட்டா. மாடி ரூம்ல தகரக்கூரைக்குக் கீழ வெச்சேன். தங்கமணி மட்டும், "காய வைக்க வேணாமா?"ன்னு கேட்டாங்க. அப்ப ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. "அதெல்லாம் அப்பா காய வெச்சதுதான்"னு சொல்லி மூடியைத் திருகிட்டேன்.

டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துலதான் கரையைக் கடந்தது. கரண்ட் இல்ல, ராத்திரி முழுக்கத் தகரம் தடதடன்னு அடிச்சுது. விடிஞ்சதும் முதல் வேலையா மாடிக்கு ஓடிப் பார்த்தேன். டிரம் அசையல, ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகல. போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பி, "உங்க விதை பத்திரம்"னு செய்தி போட்டேன். இன்னைக்கும் அந்தப் போட்டோ என் போன்ல இருக்கு. அழிக்க மனசு வரல.

மார்கழி நடுவுல டிரம்மை வண்டியில ஏத்தி ஊருக்குக் கொண்டு போனேன். அப்பா மூடியைத் திறந்தார். கையை முழங்கை வரைக்கும் உள்ள விட்டு, அடியிலேருந்து ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தார். எனக்கும் வாடை வந்துச்சு. பழைய எண்ணெய்ப் புட்டியைத் திறந்தா வர்ற சிக்கு வாடை. பருப்பு வெளியில செக்கச்செவேல்னு பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. அடியில இருந்ததுல மட்டும் அங்கங்க பச்சைப் பூசணம்.

அப்பா ஒண்ணும் சொல்லல. நூறு கொட்டை எண்ணி எடுத்தார். ஈரக்கோணியில வரிசையா வெச்சுச் சுருட்டி, கயித்துல கட்டி, தண்ணிப்பானைக்குப் பக்கத்துல சாய்ச்சு வெச்சார். அம்மா பரண்ல ஏறி ஒரு பழைய பானையை இறக்கினாங்க. பொங்கலுக்கு அவிக்கறதுக்குன்னு மூணு கிலோ காய் அதுல கிடந்தது. அதே அறுவடை, அதே களம், நான் மூட்டையைத் தூக்கும்போது மீந்து நின்னது. அதுலேருந்தும் நூறு உடைச்சு இன்னொரு சுருட்டு.

அஞ்சாம் நாள் பிரிச்சோம். பானைக் கடலையில நூத்துக்கு எண்பத்தாறு வெள்ளை வெளேர்னு வேர் விட்டிருந்தது. டிரம் கடலையில முப்பத்திநாலு. அதுலயும் பாதி வேர் குட்டையா, நுனி கறுத்து. மிச்சமெல்லாம் கொழகொழன்னு. அம்மா ரெண்டு தடவை எண்ணினாங்க. ரெண்டாவது தடவை எனக்காக எண்ணின மாதிரிதான் இருந்துச்சு.

அப்பா சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "அது மூச்சு விடற ஜீவன்டா. ஈரத்தோட மூடி வெச்சுட்டே."

திட்டியிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும். அந்த ஒரு வாக்கியம்தான் அப்புறம் ரெண்டு வாரம் என்னைத் தூங்க விடாம இதைப் பத்திப் படிக்க வெச்சுது. படிக்கப் படிக்க, அப்பாவோட ஒவ்வொரு சடங்குக்கும் ஒரு காரணம் கிடைச்சுது. நான் பண்ணின ஒவ்வொண்ணும் தப்புன்னும் தெரிஞ்சுது.

முதல்ல தண்ணி. விதை உயிரோட இருக்கு, மெதுவா மூச்சு விட்டுக்கிட்டே தூங்குது. ஈரம் ஏறினா மூச்சு வேகமாகும், சூடு வரும், சேர்த்து வெச்ச சாப்பாடு கரையும். நெல்விதைன்னா 13 சதவீத ஈரம் வரைக்கும் சாக்குல வைக்கலாம்னு விதைச்சான்று விதி. கடலைக்கு 9 தான். காத்துப் போகாத பையில வைக்கணும்னா 5க்கு இறக்கணும். ஏன் இந்த ஓரவஞ்சனை? கடலையில கிட்டத்தட்ட பாதி எண்ணெய். எண்ணெய்ல தண்ணி ஒட்டாது. அப்ப மொத்த ஈரமும் மிச்ச பாதியிலதான் உக்காரணும். கடலையில 9 சதவீதம்னா, உயிர் இருக்கிற பாகத்துக்கு அது 18 சதவீதம் மாதிரி. நான் தண்ணி தெளிச்ச பருப்பை அப்படியே காத்துப் புகாத டிரம்ல போட்டேன். பாதுகாப்பு இல்ல அது, புழுக்கம்.

ரெண்டாவது எண்ணெய். அரிசியில இருக்கிற மாவுச்சத்து சும்மா கிடக்கும். எண்ணெய் சும்மா கிடக்காது. காத்தும் சூடும் பட்டா சிதைஞ்சு சிக்குப் பிடிக்கும். வீட்டு எண்ணெய் சிக்கு ஆனா கீழ கொட்டிடுவோம். விதைக்குள்ள அது நடந்தா, ஒவ்வொரு செல்லையும் சுத்தியிருக்கிற சவ்வு, அதுவும் கொழுப்பால ஆனதுதான், அதுவும் சேர்ந்து ஓட்டையாகும். ஊற வெச்சதும் உள்ள இருக்கிற சர்க்கரையெல்லாம் வெளிய கசியும். அந்த இனிப்புக்குப் பூசணம் ஓடி வரும். கோணிக்குள்ள கொழகொழன்னு இருந்தது அதுதான். வெளிய பார்க்கச் செவப்பா அழகா இருந்த கொட்டை, உள்ள எப்பவோ செத்துப் போயிருந்தது.

மூணாவது ஓடு. கடலைப்பருப்போட ஒரு நுனியில மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கே, அங்கதான் முளைவேர் இருக்கு. மேல மூடியிருக்கிறது பட்டுத்துணி மாதிரி ஒரு செவப்புத் தோல், அவ்வளவுதான். மெஷின்ல அடிபட்டா முதல்ல உடையறது அந்த மூக்கு. காய் ஓட்டோட இருக்கிற வரைக்கும் அதுக்கு ஒரு வீடு இருக்கு. நான் மூணு மாசம் முன்னாடியே வீட்டை இடிச்சு வெளிய நிறுத்திட்டேன்.

அந்த உச்சிவெயில் விஷயமும் அப்படித்தான். சித்திரை வெயில்ல களத்துத் தரை கொதிக்கும். ஈரம் இறங்காத காயை அதுல போட்டா, காயறதுக்கு முன்னாடி வேகும். கோடையில அறுவடை பண்ற கடலை விதை சீக்கிரமே முளைப்புத்திறனை இழக்கிறதுக்கு இந்தச் சூட்டுல காய வைக்கிறது ஒரு முக்கிய காரணம். பன்னண்டு மணிக்குக் குவிச்சு மூடின மனுஷனைத்தான் நாங்க கிண்டலடிச்சுக்கிட்டு இருந்தோம்.

ஹாரிங்டன்னு ஒரு அமெரிக்க விதை விஞ்ஞானி சுலபமா ஒரு கணக்கு சொல்லியிருக்கார். விதையில ஈரம் ஒரு சதவீதம் குறைஞ்சா ஆயுசு ரெண்டு மடங்கு. சூடு 5 டிகிரி செல்சியஸ் குறைஞ்சாலும் ரெண்டு மடங்கு. வைக்கிற இடத்தோட சூட்டை ஃபாரன்ஹீட்ல எடுத்து, காத்துல இருக்கிற ஈரப்பத சதவீதத்தோட கூட்டினா நூறைத் தாண்டக் கூடாதாம். எங்க மாமல்லபுரம் வீட்டுக்குக் கூட்டிப் பார்த்தேன். 86 டிகிரியும் 80 சதவீதமும்னு வெச்சுக்கிட்டாலே 166. பொரிச்ச அப்பளம் பத்து நிமிஷத்துல நமத்துப் போற ஊரு, உப்பு ஜாடி தானா கசியற ஊரு. இந்தக் கணக்கைப் போட ஹாரிங்டன் எதுக்கு, அப்பளமே போதும்.

இதே உலகத்துல இஸ்ரேல்ல மசாடா கோட்டையில கிடைச்ச ரெண்டாயிரம் வருஷத்துப் பேரீச்சங்கொட்டையை 2005ல முளைக்க வெச்சுட்டாங்க. பாலைவனத்துக் காஞ்ச காத்து அதைக் காப்பாத்தியிருக்கு. ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவுல இக்ரிசாட் விதை வங்கியில பதினஞ்சாயிரத்துக்கு மேல கடலை வகை வெச்சிருக்காங்க. நல்லா உலர்த்தி, காத்துப் போகாம மூடி, உறைகுளிர்ல. ஆக, மூடி வைக்கிறது தப்பில்ல. நல்லா காஞ்சா மூடு, குளிர்ல வை. காயலையா, அப்ப சாக்குல போட்டுக் காத்தாட விடு. விதையோட மூச்சை அடக்கி வைக்கலாம், அடைச்சு வைக்கக் கூடாது. நான் ரெண்டுக்கும் நடுவுல மாட்டி, ரெண்டையும் கெடுத்தேன்.

சரி, கதைக்கு வருவோம். டிரம்ல இருந்த ஐம்பது கிலோவை செக்குல ஆட்டிடலாம்னு அம்மா சொன்னாங்க. நான் விடல. பூசணம் பிடிச்ச கடலையில அஃப்ளாடாக்சின்னு விஷம் வரலாம், கல்லீரலுக்கு ஆகாது. மாட்டுக்குப் போட்டாலும் பால் வழியா நமக்கே திரும்பி வரும். கொல்லையில குழி வெட்டிக் கொட்டி மூடினேன். மண்ணைத் தள்ளும்போது அப்பா திண்ணையில உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தார். கறுப்புக்கண்ணாடி போட்டிருந்ததால முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல. தெரியாததே நல்லதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

அந்த வருஷம் நீல அட்டை கட்டின சான்று விதை வாங்கி ஏக்கருக்குப் போட்டோம். அப்பா அதுல நாலு செண்ட் மட்டும் தனியா கயிறு கட்டி ஒதுக்கினார். பரண் பானையில மிஞ்சியிருந்த காயை அம்மா உடைச்சாங்க, ரெண்டு கிலோகூடத் தேறல. 2023 பொங்கல் எங்க வீட்டுல அவிச்ச கடலை இல்லாம போச்சு. அந்த நாலு செண்ட்ல அதை ஊனினோம்.

சித்திரையில நாலு செண்ட்ல முப்பது கிலோ காய். அதை ஒரு பருக்கைகூடத் தின்னல. 2024 ஜனவரியில அது நாப்பது செண்ட் ஆச்சு. 2025 ஜனவரியிலதான் பழையபடி முழு ஏக்கருக்கும் எங்க விதை வந்துச்சு. கடலையில இதுதான் கஷ்டம். நெல்லு மாதிரி ஒண்ணுக்கு நூறுன்னு பெருகாது, விதைச்சதுக்குப் பத்து மடங்கு திரும்பி வந்தாலே பெரிசு. மூடியை இறுக்கத் திருக எனக்கு அரை நிமிஷம் ஆச்சு. அதைச் சரிபண்ண ரெண்டு வருஷம்.

இப்ப சித்திரையில நாலு நாள் லீவு போட்டுக்கிட்டு ஊருக்குப் போயிடறேன். காலையில பரப்பி, பன்னண்டுக்குக் குவிச்சு மூடி, மூணு மணிக்கு மறுபடி பரப்பறது என் டியூட்டி. "எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது"ன்னு களத்தைத் தாண்டிப் போற சித்தப்பா தவறாமக் கேக்கறார். அம்மா பக்கத்துல விதை எள்ளைக் காய வெச்சுக்கிட்டு இருப்பாங்க, அதனால பழமொழி வேற கச்சிதமாப் பொருந்துது.

நீல டிரம் இப்ப ஊர்லதான் இருக்கு. அடியில ஓட்டை போட்டு அம்மா கறிவேப்பிலை வெச்சிருக்காங்க.

2025 விதைப்புக்கு முன்னாடி அப்பா ஈரக்கோணியை என்கிட்ட நீட்டி, "நீயே எண்ணு"ன்னார். எண்ணினேன். தொண்ணூத்தொண்ணு. நம்பிக்கை வராம மறுபடியும் எண்ணினேன். அப்பவும் தொண்ணூத்தொண்ணு. அப்பா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "போதும்டா, உடைக்கச் சொல்லு"ன்னுட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார்.

பி.கு: உங்க வீட்டுலயும் கடலையோ எள்ளோ ஆமணக்கோ விதைக்குன்னு எடுத்து வெச்சிருந்தா, விதைக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடி நூறு எண்ணி ஈரக்கோணியில சுருட்டிப் பாருங்க. எழுபதுக்கு மேல முளைச்சா கடலைக்கு சர்க்கார் கணக்குப்படி பாஸ். எள்ளுக்கு எண்பது. முப்பத்திநாலு வந்தா சொல்லுங்க, உங்களுக்குத் துணைக்கு நான் இருக்கேன் :-)